சின்ன ஜேசான் பதிவுகளுக்கு இசட்ஸ்டாண்டர்ட் அகராதி: தொடங்கியதிலிருந்து சர்வரில் ஏற்றியது வரை

சராசரியாக 600 பைட் உள்ள ஜேசான் (சாவியும் மதிப்பும் இணையாக வரும் உரை வடிவம்) நிகழ்வுகள். ஒவ்வொன்றும் கீ-வேல்யூ தரவுத்தளத்தில் தனிப் பதிவு. எந்தப் பதிவை வேண்டுமானாலும் தனியாக எடுத்துப் படிக்க வேண்டும் என்பதால் மூட்டையாகக் கட்டிச் சுருக்க வழியில்லை. இசட்லிப் என்ற சுருக்க நூலகத்தின் லெவல் 6-ல் (லெவல் ஏறினால் முயற்சி கூடும்) ஒவ்வொரு பதிவும் தனித்தனியே சுருக்கப்பட்டு வந்தது. அளவு பாதிக்கு இறங்குவதே பெரும்பாடாக இருந்தது. இப்போது அதே பதிவுகள் இசட்ஸ்டாண்டர்ட் என்ற சுருக்கும் கருவியாலும், இந்தப் பதிவுகளில் அடிக்கடி வரும் சரங்களைத் தொகுத்துப் பயிற்சி கொடுத்த ஓர் அகராதியாலும் சராசரியாக 120 பைட்டை ஒட்டி நிற்கின்றன. தரவு மாறினால் இந்த எண்ணும் மாறும், இதை யாரும் விளம்பர வாசகமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். செய்த வரிசை மட்டும் யாருக்கும் பொருந்தும்.

காலிக் கோப்பைச் சுருக்கிப் பார்த்தல்

கருவியைத் தேர்ந்தெடுக்கும் முன் ஒரு நிமிடச் சோதனை. டெவ்-நல்லை (யுனிக்ஸில் எப்போதும் காலியான கோப்பு) ஒவ்வொரு சுருக்கும் கருவிக்குள்ளும் பைப் செய்து (நேரே உள்ளே அனுப்பி), வெளியே வரும் பைட்டுகளை டபிள்யூசி கட்டளையால் எண்ணவும். ஜிஸிப் 20 பைட் தரும். பிஸிப்2 தருவது 14, எக்ஸ்இசட் 32, எல்இசட்4 15, இசட்ஸ்டாண்டர்ட் 13. ப்ராட்லி ஒரே பைட்டில் முடித்துவிடும். உள்ளே ஒன்றுமே இல்லாதபோது வரும் அளவு இது. ஒவ்வொரு பதிவும் சுமக்கப்போகும் பொட்டலத்தின் எடை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஜிஸிப்பின் 20 எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்த்தால் கணக்கு தெளிவாகும். முன்குறிப்பான ஹெட்டர் 10, கடைசியில் பிழை கண்டறியும் சிஆர்சி எண் 4, மூல நீளம் 4, நடுவே (ஜிஸிப்பும் இசட்லிப்பும் பயன்படுத்தும் டிஃப்ளேட் முறையின்) காலி பிளாக்குக்கு 2. கோப்பின் பெயரைக் கொடுத்து ஜிஸிப் செய்தால் அந்தப் பெயரும் ஹெட்டருக்குள் போய்விடும், ஆகவே எப்போதும் பைப் வழியாகவே அளக்க வேண்டும். இசட்லிப் பொட்டலம் இதைவிட மெல்லியது: முன்னால் 2, பின்னால் அட்லர் செக்சம் 4, மொத்தம் 6 பைட். ஆக, ஏற்கெனவே இருந்த ஏற்பாட்டில் பொட்டலத்தைக் குறை சொல்ல இடமில்லை.

குறை விண்டோவில், அதாவது கருவி பின்னோக்கிப் பார்க்கும் பரப்பில், இருந்தது. டிஃப்ளேட் 32 கேபி வரை பின்னோக்கிப் பார்த்து, முன்பு வந்த சரத்தைச் சுட்டிக்காட்டிச் சுருக்குகிறது. 600 பைட் பதிவில் பின்னோக்கிப் பார்க்க என்ன இருக்கிறது? ஒவ்வொரு சாவியின் பெயரும் அந்தப் பதிவுக்குள் ஒரே ஒருமுறைதான் வருகிறது. அடுத்த பதிவிலும் அதே 20 சாவிகள் வரும், ஆனால் அதற்குள் விண்டோ காலியாகித் திரும்பவும் பூஜ்யத்திலிருந்து தொடங்கிவிடும்.

லெவலை ஏற்றிப் பார்த்தது

எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி இதுதான். இசட்லிப்பை 9-க்கு ஏற்றினால் ஒன்றிரண்டு பைட் மிச்சம். இசட்ஸ்டாண்டர்டில் 3-க்கும் 19-க்கும் நடுவே நேரம் பல மடங்கு கூடியது, அளவு அசையவில்லை. காரணம் எளிது. இசட்ஸ்டாண்டர்ட் பெரிய கோப்புகளுக்கு லெவல் 3-ல் 2 எம்பி விண்டோவையும், 19-ல் 8 எம்பியையும், 22-ல் 128 எம்பியையும் எடுத்துக்கொள்கிறது. லெவல் ஏற ஏறத் தேடும் பரப்பும் தேடும் சிரமமும் கூடும். 600 பைட்டுக்குள் எவ்வளவு சிரமப்பட்டுத் தேடினாலும் இல்லாதது கிடைக்கப்போவதில்லை.

எக்ஸ்இசட் இந்த அளவுத் தரவுக்கு இன்னும் பொருந்தாது. அதன் கையேட்டின்படி லெவல் 9-ல் சுருக்க 674 எம்பி நினைவகமும் விரிக்க 65 எம்பியும் வேண்டும்; டிக்‌ஷனரி அளவு 64 எம்பி. காப்பகக் கோப்புக்கு அருமையான கருவி, அரை கேபி பதிவுக்கு அல்ல. ப்ராட்லி ஓரளவு நன்றாகச் செய்தது, ஏனென்றால் அதற்குள் ஏறத்தாழ 120 கேபி அளவில் இணையப் பக்கங்களில் அடிக்கடி வரும் சொற்களின் அகராதி ஒன்று பிறவியிலேயே இருக்கிறது. ஆனால் அந்தப் பலன் உச்ச லெவல் 11-ல்தான் தெரிந்தது, அந்த லெவலின் வேகம் எழுதும் பாதைக்கு ஒத்துவராது. எப்படியும் நம் சாவிப் பெயர்கள் அந்த அகராதியில் இல்லை. ப்ராட்லி ஒன்றைக் கோடிகாட்டிவிட்டது: விண்டோவை முன்கூட்டியே நிரப்பிக் கொடுத்தால் காரியம் ஆகும்.

புதிய நூலகம் எதையும் சேர்க்க முடியாதவர்களுக்கு ஒரு குறிப்பு. இசட்லிப்பிலேயே முன்அகராதி கொடுக்கும் வசதி உண்டு. விண்டோ அளவில் 262 பைட் குறைத்தால் எவ்வளவோ அவ்வளவுதான் சுருக்கும்போது பயன்படும், அதாவது 32 கேபிக்குச் சற்றுக் குறைவு. அடிக்கடி வரும் சரங்களை அகராதியின் கடைசியில் வைக்க வேண்டும்; தூரம் குறைந்தால் அதைச் சுட்டும் பிட்டுகளும் குறையும். ஆனால் எந்தச் சரத்தை எங்கே வைப்பது என்று முடிவுசெய்து தரும் பயிற்சிக் கருவி இசட்லிப்போடு வருவதில்லை. கையால் தொகுத்த அகராதியே கணிசமான பலன் தரும், பயிற்சி கொடுத்ததோடு போட்டியிடாது.

மாதிரிகள்

இசட்ஸ்டாண்டர்டின் கட்டளைவரிக் கருவியில் --ட்ரெய்ன் என்று கொடுத்தால் அகராதி தயாராகும். இயல்பான உச்ச அளவு 112640 பைட். மாதிரிகளின் மொத்த அளவு அகராதியைப் போல் 100 மடங்கு இருக்க வேண்டும் என்று கருவியே எச்சரிக்கும். 600 பைட் பதிவுகளுக்கு இது ஏறத்தாழ 19,000 மாதிரிகள்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வரிக்கு ஒரு ஜேசானாக உள்ள ஒரே பெரிய கோப்பைக் கொடுத்தால், கருவிக்கு அது ஒரே ஒரு மாதிரி. மாதிரிகள் போதவில்லை, மாதிரிக்கு ஒரு கோப்பாகக் கொடு என்று திருப்பி அனுப்பிவிடும். பெரிய எழுத்து பி விருப்பத்தால் கோப்பைச் சம நீளத் துண்டுகளாக வெட்டச் சொல்லலாம். ஆனால் வெட்டு பதிவின் நடுவில் விழும், பதிவின் தொடக்கம் எப்படி இருக்கும் என்பதைப் பயிற்சி தவறவிடும். தனித்தனிக் கோப்பாக உடைத்து ஒரு டைரக்டரியில் போட்டு, அந்த டைரக்டரியையே கொடுப்பது சரியான வழி. நட்சத்திரக் குறி போட்டு எல்லாப் பெயர்களையும் ஷெல்லில் விரித்தால் ஆர்க்யுமெண்ட் நீளம் எல்லையைத் தாண்டலாம். டைரக்டரிக்குள் தானே இறங்கும் விருப்பமோ --ஃபைல்லிஸ்ட் விருப்பமோ இதைத் தவிர்க்கும்.

நிரலிலிருந்து செய்வதானால் கோப்புகளே தேவையில்லை. பயிற்சிச் செயற்கூறு எல்லா மாதிரிகளையும் இடைவெளி இல்லாமல் ஒட்டிய ஒரே பஃபரையும், ஒவ்வொன்றின் நீளத்தைச் சொல்லும் வரிசையையும்தான் கேட்கிறது. 600 பைட் கோப்பு ஒவ்வொன்றும் டிஸ்க்கில் 4 கேபி பிடிக்கும் கொடுமையும் இல்லை. கடைசியில் நிலைத்தது இந்த வழிதான்.

மாதிரிகளைப் பயிற்சிக்கு ஒரு பங்கு, சோதனைக்கு ஒரு பங்கு என்று கண்டிப்பாகப் பிரிக்க வேண்டும். பயிற்சியில் போன பதிவுகளையே சுருக்கி அளந்தால் விகிதம் பிரமாதமாக வரும், ஏனென்றால் அந்தப் பதிவுகளின் துண்டுகள் அப்படியே அகராதிக்குள் உட்கார்ந்திருக்கின்றன. பிரிக்கும்போதும் தேதி வாரியாகப் பிரிப்பது நல்லது: பழையவற்றில் பயிற்சி, புதியவற்றில் சோதனை. கலைத்துப் பிரித்தால் ஒரே பயனரின் அடுத்தடுத்த நிகழ்வுகள் இரு பக்கமும் விழுந்து மீண்டும் பொய்க் கணக்கே வரும்.

அகராதியைத் திறந்து பார்ப்பது

பயிற்சி முடிந்ததும் உடனே நிரலில் சேர்த்துவிடாமல், அகராதிக் கோப்பை ஸ்ட்ரிங்ஸ் கட்டளையில் (படிக்கக்கூடிய எழுத்துகளை மட்டும் காட்டுவது) போட்டுப் பார்க்கவும். முதல் 4 பைட் மேஜிக் எண் (கோப்பின் வகையைக் காட்டும் நிலையான எண்), அடுத்த 4 அகராதியின் அடையாள எண். பின்னர் ஹஃப்மன், எஃப்எஸ்இ அட்டவணைகள் (அடிக்கடி வருவதற்குக் குறைந்த பிட் ஒதுக்குபவை). மீதி முழுக்கப் படிக்கக்கூடிய உரை. சாவிகள், மேற்கோள் குறிகள், காற்புள்ளிகள், அடிக்கடி வரும் மதிப்புகள் எல்லாம் துண்டுதுண்டாக ஒட்டிக்கொண்டு கிடக்கும். கடைசிப் பகுதியில்தான் அதிகப் பலன் தரும் துண்டுகள் இருக்கும்.

இப்படிப் பார்த்ததில் இரண்டு விஷயங்கள் அகப்பட்டன.

முதலாவது, உண்மையான மின்னஞ்சல் முகவரிகள். பயிற்சிக்கு அவை அடிக்கடி வரும் சரங்கள், அவ்வளவுதான். தனிநபர் தகவல் என்று அதற்குத் தெரியாது. அகராதி நிரல் களஞ்சியத்துக்குப் போகும், கிளையண்ட் மென்பொருளோடு வெளியேயும் போகலாம். ஆகவே மாதிரிகளை முதலில் கழுவ வேண்டும். அதிலும் ஒரு நுணுக்கம்: முகவரிகளை எல்லாம் ஒரே நிலையான பொய்ச் சரத்தால் மாற்றினால், அந்தப் பொய்ச் சரத்தைப் பயிற்சி பொக்கிஷமாக எண்ணி அகராதியில் சேர்த்துக்கொள்ளும். அதே நீளத்தில், பதிவுக்குப் பதிவு மாறும் தற்செயல் எழுத்துகளால் மாற்றினால்தான் அந்த இடம் மாறக்கூடியது என்று அதற்குப் புரியும்.

இரண்டாவது, ஒரே சாவித் தொகுதி மூன்று வெவ்வேறு வரிசைகளில் அகராதியில் இடம்பிடித்திருந்தது. பதிவுகளை எழுதும் நிரல்கள் ஒவ்வொன்றும் சாவிகளைத் தன் இஷ்டப்படி அடுக்கியிருந்தன. ஒன்று முக்காற்புள்ளிக்குப் பின் இடைவெளி விட்டது, மற்றொன்று விடவில்லை. நீளமான ஒரே பொருத்தமாகக் கிடைக்க வேண்டியது நாலைந்து சின்னப் பொருத்தங்களாக உடைகிறது, ஒவ்வொரு பொருத்தத்துக்கும் தனியாக விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. எழுதும் இடத்தில் சாவிகளை அகரவரிசைப்படுத்தி, இடைவெளிகளை நீக்கியதும் அளவு கண்ணுக்குத் தெரியும்படி இறங்கியது. லெவல் 3-லிருந்து 19-க்குப் போய்க் கிடைத்ததைவிட இந்தச் சின்ன மாற்றத்தில் கிடைத்தது அதிகம்.

எவ்வளவுக்கு மேல் இறங்காது

இதை முன்பே கணக்குப் போட்டிருந்தால் வீண் முயற்சிகள் பல மிச்சமாகியிருக்கும். தற்செயலாக உருவாக்கிய யுயுஐடி (பதிவுக்குரிய தனி அடையாள எண்) உரையாக 36 எழுத்து. அதில் தற்செயலான பிட்டுகள் 122, அதாவது 15.25 பைட். எந்தக் கருவியும் அதற்குக் கீழே கொண்டுபோக முடியாது. 32 ஹெக்ஸ் (எழுத்துக்கு 16 வாய்ப்புள்ள எண்முறை) எழுத்து உள்ள டோக்கன் 16 பைட்டுக்குக் கீழே போகாது. ஒரு நாளில் 8 கோடியே 64 லட்சம் மில்லி விநாடிகள். நேரமுத்திரைக்கு நாள் தெரிந்திருந்தாலும் 27 பிட் வேண்டும். ஐபி முகவரிக்கு அதிகபட்சம் 4 பைட். இவற்றைக் கூட்டினாலே 39 பைட்டுக்கு அருகில் வந்துவிடும். எஸ்எச்ஏ-256 போன்ற ஹாஷ் ஒன்று ஹெக்ஸில் இருந்தால் இன்னும் 32.

நடைமுறையில் இந்த அடிமட்டத்தைத் தொடவும் முடியாது. ஹெக்ஸ் எழுத்துக்கு 4 பிட் என்பது தனி அட்டவணையில்தான் சாத்தியம். ஜேசானில் ஹெக்ஸும் சாதாரண எழுத்தும் ஒரே ஹஃப்மன் அட்டவணையைப் பகிர்ந்துகொள்வதால் எழுத்துக்கு 5 பிட்டுக்கு மேல் போகும். யுயுஐடி ஏற்கெனவே தரவுத்தளத்தின் சாவியாக 16 பைட் பைனரியில் இருந்தது. அதையே பதிவுக்குள்ளும் உரையாக வைத்திருந்தது வெறும் சுமை, எடுத்துவிட்டோம். 20 பைட்டுக்கும் மேல் ஒரே வீச்சில் போனது.

அகராதி அளவு

110 கேபி, 32 கேபி, 16 கேபி, 8 கேபி என்று அகராதியின் உச்ச அளவைச் சொல்லும் --மேக்ஸ்டிக்ட் விருப்பத்தை மாற்றி ஓட்டிப் பார்த்தால் ஒரு வளைவு கிடைக்கும். நம் தரவில் 110-லிருந்து 32-க்கு வந்தபோது இழப்பு மிகச் சிறியது, 8-க்கு வந்தபோது உறைத்தது. 32 கேபியில் நின்றோம். சின்ன அகராதி செயலியின் கேஷுக்குள் அடங்கிவிடும், சுருக்கும் வேகம் அதனால் கூடும். அளக்க அந்தக் கருவியிலேயே பெஞ்ச்மார்க் விருப்பம் உண்டு. அகராதியையும் சோதனைப் பதிவுகள் உள்ள கோப்புகளையும் கொடுத்தால் ஒவ்வொரு கோப்பையும் தனியாகச் சுருக்கி, விகிதம், சுருக்கும் வேகம், விரிக்கும் வேகம் மூன்றையும் லெவல் வாரியாகத் தரும். இங்கேயும் எல்லாவற்றையும் ஒட்டி ஒரே கோப்பாகக் கொடுத்தால் கிடைக்கும் எண் உங்கள் சர்வரோடு சம்பந்தமில்லாதது.

நிரலில் இணைத்தல்

சி நூலகத்தில் அகராதியோடு சுருக்க இரண்டு வழி. மூல அகராதியை ஒவ்வொரு அழைப்பிலும் கொடுக்கும் செயற்கூறு ஒன்று. அகராதியை ஒரே தடவை செரித்து வைத்துக்கொள்ளும் சிடிக்ட் பொருளை உருவாக்கி, அதைக் கொடுக்கும் செயற்கூறு மற்றொன்று. முதலாவதைப் பயன்படுத்தினால் ஒவ்வொரு 600 பைட் பதிவுக்கும் 32 கேபி அகராதியை மறுபடி படித்து ஹாஷ் அட்டவணை கட்டும். அளவு சரியாகவே வரும், சோதனைகள் எல்லாம் தேறும், சிபியு மட்டும் எகிறும். விரிக்கும் பக்கத்தில் இதற்கு இணை டிடிக்ட். இரண்டையும் நிரல் தொடங்கும்போது ஒருமுறை உருவாக்கி வைக்கவும். சிடிக்ட் உருவாகும்போதே லெவல் அதற்குள் பதிந்துவிடும். பிறகு அழைக்கும் இடத்தில் லெவலை மாற்றியும் பலனில்லை என்று குழம்புபவர்கள் உண்டு.

இந்த இரண்டையும் த்ரெட்கள் (நிரலுக்குள் இணையாக ஓடும் வேலைகள்) அனைத்தும் பகிர்ந்துகொள்ளலாம், படிக்க மட்டுமே செய்யப்படுகின்றன. சுருக்கும் கான்டெக்ஸ்டை (சுருக்கும்போது நடுவே தேவைப்படும் நிலையை வைத்திருக்கும் பொருள்) மட்டும் ஒரே நேரத்தில் இரண்டு த்ரெட் தொடக்கூடாது. த்ரெட்டுக்கு ஒன்று வைத்து, அதையே திரும்பத் திரும்பப் பயன்படுத்தவும். பதிவுக்குப் பதிவு உருவாக்கி அழிப்பதும் பழைய தவறின் இன்னொரு வடிவமே. பைதான் 3.14-லிருந்து இசட்ஸ்டாண்டர்ட் மொழியோடேயே வருகிறது. அதற்கு முந்தைய பதிப்புகளுக்குத் தனித் தொகுப்பு வேண்டும்.

அடுத்து வந்த கோளாறு, விரிக்கும்போது உள்ளடக்க அளவு தெரியவில்லை என்ற பிழை. எழுதும் சேவைகளில் ஒன்று ஸ்ட்ரீமிங் ஏபிஐ (தரவைத் துண்டுதுண்டாகக் கொடுக்கும் முறை) வழியாகச் சுருக்கியிருந்தது. ஸ்ட்ரீமிங்கில் மொத்த நீளம் முன்கூட்டியே தெரியாது, ஆகவே ஃப்ரேமின் (சுருக்கிய ஒரு முழுப் பொட்டலத்தின்) ஹெட்டரில் அது எழுதப்படுவதில்லை. ஒரே அழைப்பில் விரிக்கும் பைதான் தொகுப்பு அந்த எண்ணைத்தான் தேடுகிறது. கையில் முழுப் பஃபர் இருக்கும்போது ஸ்ட்ரீமிங்குக்கு அவசியமே இல்லை. ஒரே அழைப்பில் சுருக்கும் செயற்கூறுக்கு மாற்றியதும் பிழை போனது. கட்டாயம் ஸ்ட்ரீமிங்தான் என்றால் மூல நீளத்தை முன்னதாக அறிவிக்கும் செயற்கூறு இருக்கிறது. நீளம் தெரிந்தால் இன்னொரு லாபம்: நூலகம் 16 கேபி வரையிலான தரவுக்கென்று தனியே உள்ள அளவீட்டு அட்டவணையைத் தேர்ந்தெடுக்கும். தெரியாவிட்டால் பெரிய தரவு என்று கருதி, பெரிய அட்டவணைகளைத் துடைத்துத் தயார் செய்துகொண்டிருக்கும்.

ஒவ்வொரு பைட்டாகப் பொறுக்குவது

பதிவு 120 பைட்டுக்கு வந்த பிறகு நிலையான பைட்டுகள் கண்ணை உறுத்தத் தொடங்கும். ஒரு ஃப்ரேமைப் பிரித்துப் பார்ப்போம். மேஜிக் எண் 4. விவரக் கொடி 1. அகராதி அடையாளம் 0, 1, 2 அல்லது 4. உள்ளடக்க நீளம், 256-லிருந்து 65791 வரையிலான பதிவுகளுக்கு 2. பிளாக் ஹெட்டர் 3. செக்சம் இருந்தால் இன்னொரு 4.

அகராதிக்கு எண் எதுவும் சொல்லாமல் பயிற்சி கொடுத்தால் கருவி 32768-லிருந்து தொடங்கும் பெரிய எண் ஒன்றைத் தற்செயலாக வைக்கும், அதற்குப் பெரும்பாலும் 4 பைட் பிடிக்கும். செக்சமும் சேர்ந்தால் மொத்தம் 18, காலி பிளாக்கின் 2 போக ஜிஸிப்பின் பொட்டலத்துக்குச் சமம்! --டிக்ட்ஐடி கொடுத்து 1, 2 என்று 256-க்குக் கீழான எண் வைத்தால் 1 பைட்டில் முடியும். பொதுவெளியில் பரிமாறும் அகராதிகளுக்குச் சின்ன எண்கள் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளன, ஆனால் சொந்தத் தரவுத்தளத்துக்குள் எந்த எண்ணும் வைக்கலாம். கட்டளைவரிக் கருவி செக்சத்தைத் தானாகச் சேர்க்கும், நூலகம் சேர்க்காது. இப்படி 11 பைட்டுக்கு வந்தது. மேஜிக் எண்ணையும் விட்டுவிடும் வடிவம் ஒன்று உண்டு, 7 ஆகிவிடும். ஆனால் அது நூலகத்தின் சோதனைநிலைப் பகுதியில் இருக்கிறது. சாதாரணக் கருவிகளால் அந்தப் பதிவை அடையாளம் காணவும் முடியாது. பிழை தேடும் நேரத்தில் அந்த 4 பைட் மதிப்புள்ளது என்பதால் அதைத் தொடவில்லை.

செக்சத்தை விட்டதிலும் யோசனை இருக்கிறது. கீழே உள்ள தரவுத்தளம் தன் பிளாக்குகளுக்குச் செக்சம் வைத்திருக்கிறது என்பதால் சேமிப்பில் கெட்டுப்போவது அங்கேயே பிடிபடும். அதைக் கொண்டு பிடிபடாத ஒரே கோளாறு, தவறான அகராதியில் விரிப்பது.

அகராதி கெட்டால்

இந்த வேலையிலேயே பயப்பட வேண்டிய இடம் இதுதான், கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

அகராதியின் எண் ஃப்ரேமில் இருந்தால், வேறு எண்ணுள்ள அகராதியோடு விரிக்கும்போது நூலகம் பொருந்தவில்லை என்று பிழை தரும். நல்லது. ஆனால் ஒரே எண்ணில் உள்ளடக்கம் மட்டும் மாறியிருந்தால்? எண் பொருந்தும், சுட்டும் தூரங்கள் அகராதிக்குள்ளேயே விழும், விரித்ததும் சரியான நீளத்தில் தவறான உரை வரும். செக்சம் இல்லாவிட்டால் சத்தமே இருக்காது. ஒரே எண்ணில் மறுபயிற்சி கொடுத்துக் கோப்பை மேலெழுதுவது ஒரு வழி. நிரல் களஞ்சியத்தை நிர்வகிக்கும் கிட் மென்பொருள் வரிமுடிவுகளை மாற்றிவிடுவது இன்னொரு வழி. அகராதிக் கோப்பைப் பைனரி என்று கிட் அமைப்பில் குறித்துவைக்கவும்.

இன்னொரு பொறி: மேஜிக் எண்ணோடு தொடங்காத எந்தக் கோப்பையும் நூலகம் மறுக்காமல் வெறும் உள்ளடக்க அகராதியாக ஏற்றுக்கொள்ளும். அகராதியை பேஸ்64-ஆக (பைனரியைச் சாதாரண எழுத்துகளாக மாற்றும் முறை) அமைப்புக் கோப்பில் வைத்து, அவிழ்க்காமல் அப்படியே ஏற்றினால் பிழை எதுவும் வராது. சுருக்கமும் நடக்கும், விரித்தலும் நடக்கும், விகிதம் மட்டும் அகராதியே இல்லாததுபோல் இருக்கும். அந்த நிலையில் அகராதியின் எண் 0 என்று வரும். ஆகவே தொடக்கத்திலேயே மூன்று சோதனை வைத்தோம்: அகராதியின் எண்ணைக் கேட்கும் செயற்கூறு எதிர்பார்த்த எண்ணைத் தருகிறதா, கோப்பின் எஸ்எச்ஏ-256 ஹாஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்றது) நிரலில் பதிந்திருப்பதோடு ஒத்துப்போகிறதா, நிரலோடு வரும் மாதிரிச் சுருக்கம் ஒன்று சரியாக விரிகிறதா. ஒன்று தவறினாலும் சேவை எழாது.

அகராதி தொலைந்தால் பதிவுகளும் தொலைந்த மாதிரிதான். ஒவ்வொரு தரவுத்தள பேக்கப்பிலும் அகராதியின் நகல் ஒன்று கூடவே போகும்படி செய்திருக்கிறது. 32 கேபிக்குக் கணக்குப் பார்க்க ஒன்றுமில்லை.

படிக்கும் பக்கமும் இடம்பெயர்ப்பும்

பழைய இசட்லிப் பதிவுகளை ஒரே இரவில் மாற்றத் தேவையில்லை. முதல் பைட்டே யார் என்று சொல்லிவிடும். இசட்லிப் வழக்கமான அமைப்பில் 78 என்ற ஹெக்ஸ் பைட்டில் தொடங்கும். ஜிஸிப் 1எஃப் 8பி. இசட்ஸ்டாண்டர்ட் 28 பி5 2எஃப் எஃப்டி. சுருக்காத ஜேசான் 7பி, அதாவது நெளிவு அடைப்புக்குறி. ஒன்றோடொன்று மோதாது. படிக்கும் நிரலை எல்லாச் சர்வர்களிலும் முதலில் ஏற்றி, அது நிலைத்த பிறகே எழுதும் நிரலை மாற்றவும். வரிசை மாறினால் புதிய பதிவைப் படிக்கத் தெரியாத பழைய சர்வர் ஒன்று எங்காவது இருக்கும்.

ஃப்ரேமில் எழுதியிருக்கும் நீளத்தை நம்பி நினைவகம் ஒதுக்குவதும் ஆபத்து. டிஃப்ளேட்டில் விரிவு ஏறத்தாழ 1032 மடங்குக்கு மேல் போகாது. இசட்ஸ்டாண்டர்டில் ஒரே பைட் திரும்பத் திரும்ப வரும் 128 கேபி பிளாக்கை 4 பைட்டில் எழுதிவிடலாம். நம் பதிவு எதுவும் 64 கேபியைத் தாண்டாது, அதற்கு மேல் சொல்லும் ஃப்ரேமை விரிக்காமலே நிராகரிக்கிறோம். எதிர்ப்பக்கத்தில், சுருக்கியது மூலத்தைவிடச் சிறிதாகாவிட்டால் மூலத்தையே சேமிக்கிறோம். மறையாக்கம் செய்த புலங்கள் நிறைந்த பதிவுகளில் இது நடக்கும்.

அகராதி எண்ணை ஃப்ரேமிலிருந்து படித்து, அட்டவணையில் அதற்குரிய டிடிக்டை எடுக்கும்படி படிக்கும் நிரல் எழுதப்பட்டது. முதல் நாளிலேயே இரண்டு அகராதிகளோடு இதைச் சோதித்துவிட வேண்டும். இரண்டாவது அகராதி வரும் நாள் கண்டிப்பாக வரும்: புதிய சாவிகள் சேரச் சேர, பழைய அகராதிக்குப் பழக்கமில்லாத பகுதி கூடிக்கொண்டே போகும். சராசரி விகிதத்தை மெட்ரிக்காக வெளியிட்டு, குறிப்பிட்ட எல்லைக்குக் கீழே போனால் எச்சரிக்கை வரும்படி வைத்தால் போதும்.

பேக்கப்பில் ஒரு எதிர்பாராத விளைவு. சுருக்கிய பதிவுகளை அப்படியே ஏற்றுமதி செய்து எக்ஸ்இசட் போட்டால் ஏதும் குறைவதில்லை, ஏற்கெனவே பிழிந்த சக்கை அது. ஏற்றுமதியின்போது விரித்து, உரையாக வரிசையில் எழுதி, மொத்தக் கோப்பையும் இசட்ஸ்டாண்டர்டின் --லாங் விருப்பத்தோடு சுருக்கினால் வெகுவாகச் சிறுக்கிறது. 128 எம்பி விண்டோவுக்குள் பதிவுகள் ஒன்றையொன்று சுட்டிக்கொள்ளும், அகராதியே வேண்டாம். 128 எம்பி என்பது 2-ன் 27-ஆம் அடுக்கு; 27-க்கு மேல் விண்டோ வைத்தால் விரிப்பவரும் அதே எண்ணைச் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் நினைவகம் போதாது என்று கருவி மறுத்துவிடும். மீட்கும் நேரத்தில் அந்த எண் யாருக்கும் ஞாபகம் இருக்காது, 27-லேயே நிறுத்தவும்.

அடுத்த முறை

சாவி வரிசையையும் இடைவெளியையும் முதலில் சரிசெய்துவிட்டுத்தான் மாதிரி எடுப்பது. அடிமட்டக் கணக்கை ஒரு தாளில் போட்டு, எந்தப் புலத்தைப் பைனரியாக்கலாம் என்று பார்த்துவிட்டு மற்றதைத் தொடங்குவது. மாதிரி கழுவும் நிரலைப் பயிற்சி நிரலோடு ஒரே களஞ்சியத்தில் வைப்பது. இப்போது தனியாகக் கிடக்கிறது, அடுத்த மறுபயிற்சியின்போது யாராவது அதை ஓட்ட மறப்பார்கள். 64 பதிவுகளை ஒரு பிளாக்காகக் கட்டிச் சுருக்கும் வழியையும் ஒருமுறை முறையாக அளந்து பார்க்க வேண்டும்: பெரும்பாலும் வரிசையாகவே படிக்கப்படும் அட்டவணைகளுக்கு அகராதியின் பராமரிப்புத் தொல்லை இல்லாமல் இதே அளவு கிடைக்க வாய்ப்புண்டு. ஒற்றைப் பதிவை எடுக்க 64-ஐயும் விரிக்க வேண்டும் என்பது அதன் விலை; அந்த விலை எந்த அட்டவணைக்குக் கட்டுப்படியாகும் என்பதைப் படிப்பு லாக்கைப் பார்த்துத்தான் முடிவுசெய்ய முடியும்.